வேலையை விட்ட பிறகு திருட்டுப் பழி வந்தால்: நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

முறையாக ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலம் முழுக்க வேலை பார்த்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வந்த பிறகு பழைய நிறுவனம் கூப்பிட்டு "நீ திருடிவிட்டாய்" என்று சொன்னால் என்ன செய்வது? இது எனக்கு நடந்தபோது சொல்ல ஆளே இல்லை. இணையத்தில் தேடினால் சட்டப் பிரிவுகளின் எண்கள் கிடைத்தன, ஆனால் இன்று இரவு நான் என்ன செய்ய வேண்டும், நாளைக் காலை ஸ்டேஷனில் இருந்து போன் வந்தால் என்ன பேச வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. என் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பயத்தில் தூக்கம் வராமல் படித்ததையும்தான் சொல்கிறேன். இந்தியாவில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும், வேறு நாட்டில் இருந்தால் சட்டம் வேறு.

வீட்டு உபயோகப் பொருட்கள் மொத்த விற்பனை செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் இருந்தேன். கணக்கும் பார்ப்பேன், குடோன் ஸ்டாக்கும் என் பொறுப்பு. 2024 கடைசியில் வேறு இடத்தில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்து விலகினேன். புது வேலையில் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருக்கும், சின்ன முதலாளி போன் செய்தார். "ஸ்டாக் இடிக்குதும்மா, நேர்ல வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போயிடு" என்றார். குரலில் எந்தக் கோபமும் இல்லை. ஏதோ பதிவு விட்டுப்போயிருக்கும், காட்டிக்கொடுத்துவிட்டு வரலாம் என்று சாயங்காலம் கிளம்பினேன். அண்ணன் வண்டியில் கொண்டுவிட்டு வெளியே நின்றார்.

உள்ளே போனதும் அறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். பெரியவர், சின்னவர், மேனேஜர், எனக்குத் தெரியாத இன்னொருவர். 3 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் சரக்கு குறைகிறது, நீதான் எடுத்து வெளியே விற்றிருக்கிறாய் என்றார்கள். எந்தச் சரக்கு, எந்தத் தேதி என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. போனை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார்கள், லாக்கை எடு, வாட்ஸ்அப்பைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்புறம் ஒரு தாளை நகர்த்தினார்கள். ஏற்கெனவே டைப் செய்து வைத்திருந்த தாள். "நான் பணியில் இருந்த காலத்தில் நிறுவனத்தின் பொருட்களை எடுத்து விற்றதை ஒப்புக்கொள்கிறேன், அதற்கான தொகை ரூபாய்" என்று எழுதி, தொகைக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தது. கீழே என் பெயர், ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப். அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. எவ்வளவு குறைகிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் தொகையை ஏன் எழுதவில்லை? கையெழுத்துப் போட்டால் இத்தோடு முடிந்துவிடும், போடாவிட்டால் ஸ்டேஷன் என்று மாறி மாறிச் சொன்னார்கள். "இதோட காப்பி கொடுங்க சார், வீட்டுல காட்டிட்டு வர்றேன்" என்று அழுதுகொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நேரமாகியும் வரவில்லையே என்று அண்ணன் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் விட்டார்கள்.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. பழைய முதலாளி கூப்பிட்டால் போயே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. என்ன குறை என்று எழுத்தில் அனுப்புங்கள், எழுத்தில் பதில் தருகிறேன் என்று சொல்லலாம். போவதாக இருந்தால் கூட ஒருவர் அறைக்குள்ளேயே உட்கார வேண்டும், வெளியே நின்று பிரயோஜனமில்லை. கதவைச் சாத்தி வெளியே விடாமல் வைப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-வது பிரிவில் வரும் குற்றம், அங்கிருந்தே அவசர உதவி எண்ணான 112-க்கு அழைக்கலாம். உங்கள் போனைத் திறந்து பார்க்க முதலாளிக்கு உரிமை கிடையாது, வீட்டில் வந்து தேடவும் கிடையாது. போலீஸ் தேடினால்கூட அதற்கு நடைமுறை இருக்கிறது, சோதனையையும் கைப்பற்றுவதையும் ஆடியோ வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு சொல்கிறது. பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைப்போம் என்றும் என்னை மிரட்டினார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் போலீஸே அதைச் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே செல்வி வழக்கில் சொல்லிவிட்டது.

மிரட்டலுக்குப் பயந்து ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் இதைப் படிக்கலாம். எல்லாம் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அதிகாரத்தில் இருப்பவர் மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் குற்ற வழக்கில் செல்லாது என்பது சாட்சியச் சட்டத்தில் பழைய காலத்தில் இருந்தே இருக்கிறது, இப்போது அது பாரதிய சாட்சிய அதினியத்தின் 22-வது பிரிவு. ஆனால் மிரட்டினார்கள் என்பதைக் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். அன்றைக்கு இரவே, எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை, யார் யார் இருந்தார்கள், என்ன சொல்லி எழுதி வாங்கினார்கள் என்று எழுதி, அந்த ஒப்புதலை ஏற்கவில்லை என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்டும் அனுப்புங்கள், காவல் கண்காணிப்பாளருக்கோ கமிஷனருக்கோ ஒரு புகார் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அன்றைக்கு இரவு அண்ணன் சொல்லித்தான் நானும் மின்னஞ்சல் எழுதினேன். உணர்ச்சியை எல்லாம் விட்டுவிட்டு கேள்விகள் மட்டும் கேட்டேன். குறைவதாகச் சொல்லும் பொருட்களின் பெயர், மாடல், எண்ணிக்கை என்ன? ஸ்டாக் எடுத்த தேதி எது, எடுத்தவர்கள் யார்? எந்த நாளின் இருப்போடு ஒப்பிட்டு 3 லட்சத்து 80 ஆயிரம் என்று சொல்கிறீர்கள்? நான் பொறுப்பை ஒப்படைத்த நாளில் இருந்து இன்று வரை குடோன் சாவி யாரிடம் இருந்தது? இவற்றை எழுத்தில் கொடுத்தால் பதில் சொல்லத் தயார் என்று முடித்தேன். இன்று வரை பதில் வரவில்லை. ஆனால் பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த மின்னஞ்சல்தான். திருட்டுப் பழி வாய்ப்பேச்சாக இருக்கும் வரைதான் அதற்குப் பலம், "அந்தப் பொண்ணு எடுத்துருச்சு" என்று ஊரெல்லாம் சொல்லலாம். எழுத்துக்குக் கொண்டுவந்தால் தேதி வேண்டும், பொருள் வேண்டும், கணக்கு வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்பதுதான் நான் பிடித்துக்கொண்ட ஒரே வழி.

ஸ்டாக் குறைவது வேறு, திருட்டு வேறு. வக்கீல் இதை எனக்கு முதலில் புரிய வைத்தார். திருட்டு என்று சொல்ல, ஒருவர் கைவசம் இருக்கும் பொருளை அவர் சம்மதம் இல்லாமல் நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்தியிருக்க வேண்டும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவு அது. முதலாளியின் பொருளை ஊழியரே திருடினால் 306, நம்பி ஒப்படைத்ததைக் கையாடினால் 316. இந்த இரண்டிலும் ஊழியருக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. நடந்ததாகச் சொல்லும் தேதி 2024 ஜூலை 1-க்கு முன்பு என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும், அங்கே இவை 379, 381, 408. எந்த எண்ணாக இருந்தாலும் எடுத்தது நீங்கள்தான் என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். உடைந்த சரக்கு, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பியது, பில் போடாமல் முதலாளியே தெரிந்தவருக்குக் கொடுத்துவிட்டது, டேலி கணக்கு மென்பொருளில் இரண்டு முறை ஏற்றியது என்று இருப்பு இடிக்க ஆயிரம் காரணம் இருக்கும் என்பது ஸ்டாக் பார்த்த யாருக்கும் தெரியும்.

என்னிடம் இருந்த காகிதங்கள் கொஞ்சம்தான். ராஜினாமா மின்னஞ்சல், அதை ஏற்றுக்கொண்ட பதில், பிறகு ஒப்படைப்புப் பட்டியல். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு மாடலுக்கும் எதிரே எண்ணிக்கை எழுதி, எனக்குப் பிறகு வந்தவர் எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார், சாவி பெற்றுக்கொண்டேன் என்று கடைசி வரியில் அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதை நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். வேலையை விட்டு வரும் ஒவ்வொருவரும் இப்படி ஒன்றை வாங்காமல் வரவே கூடாது என்பேன். சாவி, லேப்டாப், சிம், அடையாள அட்டை, கையில் இருந்த ரொக்கம், பில் புத்தகம், கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் எல்லாம் யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று எழுதி வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் நீங்களே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடுங்கள், மறுப்பு வராத மின்னஞ்சலும் நாளைக்கு உதவும். அதே சமயம் நிறுவனத்தின் கணக்கு ஃபைல், வாடிக்கையாளர் பட்டியல் என்று எதையும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். தற்காப்புக்கு என்று நினைத்துச் செய்தாலும் தகவல் திருட்டு என்று இரண்டாவது புகார் அதிலிருந்தே கிளம்பும்.

அடுத்த வாரம் ஸ்டேஷனில் இருந்து ரைட்டர் போன் செய்தார். "உங்க மேல ஒரு மனு வந்திருக்கு, நாளைக்குக் காலையில வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். கை நடுங்கியதில் போனைக் கீழே போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் ஸ்டேஷன் வாசலை மிதித்ததில்லை. அம்மா அன்று சாப்பிடவில்லை, என் வீட்டுக்காரர் கேட்டதைக் கொடுத்து முடித்துவிடலாமா என்று கேட்டார். அவர் கேட்டது தப்பில்லை, அந்த நேரத்தில் எல்லாருக்கும் அதுதான் தோன்றும். கொடுத்தால் திருடியதை ஒப்புக்கொண்டதாக ஆகும், அதற்குப் பிறகு யாரும் கணக்கைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

ஸ்டேஷனில் இருந்து போன் வந்தால் முதலில் கேட்க வேண்டியது இது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவுடன் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) போட்டு மனு விசாரணை நடத்துவார்கள், எஃப்.ஐ.ஆர். பதிவானால்தான் அது வழக்கு. மனுவா, எஃப்.ஐ.ஆரா, எண் என்ன, புகார் கொடுத்தவர் யார் என்று மரியாதையாகக் கேளுங்கள், கேட்பதால் யாரும் கைது செய்துவிட மாட்டார்கள். எஃப்.ஐ.ஆர். என்றால் அதன் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் கிடைக்க வேண்டும். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு குற்றம் சாட்டப்பட்டவராக அழைத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாட்சியாக அழைப்பது அதே சட்டத்தின் 179-வது பிரிவு, அதிலும் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும், அந்தப் பிரிவில் பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னதால் ஸ்டேஷனுக்குப் போகாமல் ஒளிந்துகொள்ளுங்கள் என்று அர்த்தமில்லை. முறையான நோட்டீஸுக்குப் போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

என்னுடையது மனு விசாரணை. வக்கீலோடு போனேன். பழைய முதலாளியும் வந்து உட்கார்ந்திருந்தார். எஸ்.ஐ. என்னைப் பார்த்து, "ஏழு வருஷம் தண்டனை இருக்கிற செக்‌ஷன்மா, சின்னப் பிள்ளைங்க இருக்குன்னு சொல்ற, பாதியாவது கொடுத்து முடிச்சுக்கோ" என்றார். ஏழு வருஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகு வக்கீல் சொன்னார், அந்த ஏழு வருஷம்தான் உங்களுக்குச் சாதகம் என்று. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது, கைது ஏன் அவசியம் என்று காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்பது 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய சட்டத்தின் 35-வது பிரிவிலும் அது இருக்கிறது. நோட்டீஸுக்கு ஒழுங்காக ஆஜராகிக்கொண்டிருந்தால் தனியாகக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது.

அன்றைக்கு நான் பேசியது குறைவு. முந்தின நாள் இரவே வக்கீலோடு உட்கார்ந்து இரண்டு பக்கத்தில் பதில் எழுதி வைத்திருந்தோம், அதோடு ஒப்படைப்புப் பட்டியல், ராஜினாமா, நான் அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றின் நகலையும் இணைத்து இரண்டு செட் கொண்டுபோனோம். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்குத் தேதியும் ஸ்டேஷன் முத்திரையும் கேட்டோம். முதலில் தயங்கினார்கள், பிறகு போட்டுக்கொடுத்தார்கள். நீங்களே எழுதிய பதிலைக் கொடுப்பது ஒன்று, அவர்கள் எழுதிய தாளில் கையெழுத்துப் போடுவது இன்னொன்று. வழக்கு பதிவான பிறகு விசாரணையில் போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்றே அதே நடைமுறைச் சட்டத்தின் 181-வது பிரிவு சொல்கிறது, போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நிரூபிக்கவும் முடியாது. உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்பது அரசியலமைப்பின் 20(3) தருகிற உரிமை. "தவணையில் கட்டிவிடுகிறேன்" என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதற்குத்தான் மிகவும் பயப்பட வேண்டும். பணத்தை வசூலித்துக் கொடுப்பது போலீஸின் வேலை இல்லை, அது சிவில் நீதிமன்றத்தின் வேலை. கட்டப் பஞ்சாயத்து மாதிரி நெருக்கினால், ஸ்டேஷன்களில் சிசிடிவி இருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதை நினைவில் வையுங்கள். தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்தால் அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மனு கொடுக்கலாம்.

முன்ஜாமீன் போடலாமா என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். இப்போது அது புதிய நடைமுறைச் சட்டத்தின் 482-வது பிரிவு, செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ போடலாம், எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் கைதாகும் பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் போடலாம். என் வக்கீல் மனுவைத் தயாராக வைத்துக்கொண்டு பொறுத்திருக்கச் சொன்னார், எஃப்.ஐ.ஆர். போட்டால் மறுநாளே தாக்கல் செய்யலாம் என்றார். எனக்கு அது சரியாக அமைந்தது, எல்லாருக்கும் அமையும் என்று சொல்ல மாட்டேன். ஒருவேளை கைதே நடந்துவிட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு விடியும் வரை, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்ற அசாதாரணச் சூழ்நிலை தவிர, கைது செய்யக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்திருந்தேன், அன்றைக்கு என்னால் பேச முடியாவிட்டால் அவர் பேச வேண்டுமே.

செலவைச் சொல்கிறேன். வக்கீலுக்கு எல்லாம் சேர்த்து 40 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது, நகையை அடகு வைத்துத்தான் கொடுத்தோம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறத் தகுதி உண்டு என்பது எனக்குப் பணம் கொடுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள் எல்லாரும் வருகிறார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

வக்கீல் செலவைவிடப் பெரிய நஷ்டம் புது வேலை போனதுதான். பழைய இடத்து மேனேஜர் புது நிறுவனத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். அதோடு விடாமல், டீலர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் என் படத்தைப் போட்டு, இவர் எங்களிடம் திருடியவர், யாரும் வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று செய்தியும் போட்டார்கள். புது இடத்தில் கூப்பிட்டு, பிரச்சினை முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். கிட்டத்தட்ட நான்கு மாதம் சம்பளம் இல்லை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பணத்தைவிட அந்தப் படம்தான் என்னை உடைத்தது. நிறுவனத்தின் ஆயுத பூஜையில் எடுத்த படம், பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டு என்னை மட்டும் வைத்திருந்தார்கள். ஆறு வருடம் கூட வேலை பார்த்தவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள், ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. தெருவில் தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால் அதைப் பார்த்திருப்பாரோ என்று தலையைக் குனிந்துகொள்வேன்.

இங்கே சட்டத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். நல்லெண்ணத்தோடு போலீஸிடம் புகார் கொடுப்பது அவதூறு ஆகாது, அதற்கு விதிவிலக்கு இருக்கிறது. டீலர்களிடமும் புது முதலாளியிடமும் போய் நிரூபிக்காத பழியை வைத்து "திருடி" என்று பரப்புவது வேறு, அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறாக வரலாம், இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை தண்டனை உண்டு. இதற்கு ஸ்டேஷனுக்குப் போனால் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள், பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனிப் புகார் கொடுக்க வேண்டும். நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம், ஆனால் அதற்குக் கெடு ஒரே வருடம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்திருந்தால் பத்தாது. அந்தச் செய்தி வந்த போனையே அழிக்காமல், மாற்றாமல் வைத்திருக்க வேண்டும், மின்னணு ஆவணத்துக்குப் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின் சான்றிதழ் கேட்பார்கள். குழுவில் இருந்த ஒரு டீலர் தன் போனைக் காட்டிச் சான்று தர ஒப்புக்கொண்டார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். வக்கீல் நோட்டீஸ் போனதும் செய்தியை நீக்கினார்கள், ஆனால் அதற்குள் எத்தனை பேருக்குப் போயிருக்கும்.

பொய்ப் புகார் கொடுத்ததற்கு அவர்களை உள்ளே தள்ள முடியாதா என்று அண்ணன் ஆவேசமாகக் கேட்டார். பாரதிய நியாய சன்ஹிதாவில் 217, 248 என்று பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் கணக்குத் தப்பாகப் பார்த்துச் சந்தேகப்பட்டதும், பொய் என்று தெரிந்தே புகார் கொடுத்ததும் ஒன்றல்ல, இரண்டாவதை நிரூபிக்க வேண்டும். 217-ல் புகாரைப் பெற்ற அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோதான் நீதிமன்றத்துக்குப் போக முடியும். அந்த வழியில் பணத்தையும் நிம்மதியையும் தொலைக்க நான் விரும்பவில்லை.

மனு விசாரணையில் எஸ்.ஐ. ஒருநாள் அவர்களிடமும் கணக்குக் கேட்டார். நான் மின்னஞ்சலில் கேட்ட அதே கேள்விகள்தான், அந்த நகல் அவர் ஃபைலில் இருந்தது. ஸ்டாக் எடுத்தது நான் போய்ச் சில வாரம் கழித்து என்றும், இடையில் சாவி மூன்று பேரிடம் இருந்தது என்றும் அவர்களே சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். மனுவை முடித்துவிட்டோம் என்று ஸ்டேஷனில் வாயால்தான் சொன்னார்கள். எனக்குக் காகிதம் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, அதன் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்டேன். மேல் நடவடிக்கை தேவையில்லை என்று முடிக்கப்பட்டதாகப் பதில் வந்தது. புது வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பதிலின் நகலைத்தான் நானே முன்வந்து கொடுத்தேன். விண்ணப்பங்களில் உங்கள் மீது வழக்கு நிலுவையில் உள்ளதா என்று கேட்டால், முடிந்துபோன மனு வழக்கு ஆகாது. ஆனால் எஃப்.ஐ.ஆர். இருந்தால் மறைக்காதீர்கள், பின்னால் தெரிந்தால் மறைத்ததற்காகவே வேலை போகும்.

கடைசி மாதச் சம்பளமும் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) நின்றுபோயிருந்தன, ஸ்டாக் குறைவுக்கு ஈடுகட்டிவிட்டோம் என்றார்கள். அவர்களாக அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. இழப்புக்காகச் சம்பளத்தில் பிடிப்பதாக இருந்தால் ஊழியரிடம் விளக்கம் கேட்டு வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் பிடிக்க முடியும். பி.எஃப். பணத்தைத் தொடவே முடியாது, என்னுடையதை ஆதார் இணைத்திருந்ததால் நானே ஆன்லைனில் எடுத்துவிட்டேன். பணிக்கொடையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1972 சட்டப்படி பணிக்கொடையைப் பறிக்க, திருட்டு, இழப்பு போன்ற காரணத்துக்காக நிறுவனம் உங்களை வேலையை விட்டு நீக்கியிருக்க வேண்டும். தானாக ராஜினாமா செய்து, அதை ஏற்று அனுப்பிவைத்த பிறகு பறிக்க வழியில்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன, அதிலும் இது இப்படியே இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 18 ஆயிரம், அதில் 26-ல் 15 பங்கு, ஆறு வருடம் என்று கணக்குப் போட்டால் சுமார் 62 ஆயிரம் ரூபாய். தொழிலாளர் துறையில் மனுப் போட்டேன், வக்கீல் வேண்டியிருக்கவில்லை. முதல் விசாரணைக்கு நோட்டீஸ் போனதும் சம்பள பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள், பணிக்கொடையைப் பிற்பாடு இரண்டு தவணையில் கொடுத்தார்கள்.

இன்னும் முடியாதது ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள், அங்கே எல்லாரிடமும் வாங்குவார்கள். வக்கீல் முதல் நாளே அதைப் பற்றிக் கேட்டார். கையெழுத்து உங்களுடையது என்றால் அது கடனுக்காகக் கொடுத்த செக் என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. இது வெற்றுச் செக்குக்கும் பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலைக்குச் சேரும்போது பாதுகாப்புக்காக வாங்கிய செக், எண் இது, நான் உங்களுக்கு எந்தக் கடனும் பாக்கி இல்லை, திருப்பித் தாருங்கள் என்று ஸ்பீட் போஸ்டில் எழுதினேன், வங்கியிலும் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். நிறுத்தி வைத்தாலும் செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் நோட்டீஸ் வரலாம், வந்தால் பணம் கட்ட அதில் இருக்கும் 15 நாள் கெடுவுக்குள் நம் பதில் போய்விடுவது நல்லது. அதனால் வீட்டில் யார் தபால் வாங்கினாலும் அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவதூறு வழக்கை வருடம் முடிவதற்குள் தாக்கல் செய்துவிட்டேன், அது நடந்துகொண்டிருக்கிறது. செக்கை அவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை.